சில்லு பூட்டிய கூடாரம்: குடும்பத்தோடு வெளியே தங்க 17 குறிப்புகள்

எங்கள் அப்புவிடம் ஒரு கூடார வண்டில் இருந்தது. மூங்கிலை வளைத்துக் கட்டி, மேலே பனையோலைப் பாய் போர்த்திய கூடு. அடியில் வைக்கோல், அதன்மேல் புற்பாய். வல்லிபுர ஆழ்வார் கோயில் கடல் தீர்த்தத்துக்கு முதல்நாள் பின்னேரமே மாடு பூட்டிவிடுவார்கள். கோயில் மணலில் வண்டிலை நிறுத்தி, மாடுகளை அவிழ்த்துக் கட்டி, நுகத்தடிக்கு முட்டுக்கொடுத்துச் சமப்படுத்தியதும் அது வீடாகிவிடும். பெண்களும் பிள்ளைகளும் கூட்டுக்குள், ஆண்கள் வண்டிலுக்கு அடியில். ஏர்க்காலில் அரிக்கன் லாம்பு தொங்கும். வைக்கோல் மணமும் கடல் உப்பும் கலந்த அந்த இரவுகளை அம்மா இன்றைக்கும் சொல்லுவா.

கனடாவில் இருக்கும் மச்சான் போன கோடையில் பழைய மடிப்புக் கூடார வண்டி ஒன்று வாங்கினான். 1980களில் செய்தது. கார் இழுத்துப் போகும் தட்டையான பெட்டி. கைபிடியைச் சுழற்றச் சுழற்றக் கூரை மேலே எழும்புகிறது. இரண்டு பக்கமும் கட்டில்கள் வெளியே நீள்கின்றன. கன்வஸ் சுவர் தானே விரிகிறது. தொலைபேசிக் காணொளியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, “இது எங்கடை அப்புவின்ரை வண்டில்தானே!” என்றா. எனக்கும் அப்படித்தான் பட்டது.

வட அமெரிக்காவில் இந்த வண்டிகள் வீட்டுக்கு வீடு பரவியது 1960களிலும் 70களிலும். இந்தியானா மாநிலத்தில் லொயிட் பொன்ட்ரேகர் என்பவர் 1968இல் தம் பண்ணையில் தொடங்கிய ஜெய்கோ நிறுவனம் இவற்றைச் செய்துதான் வளர்ந்தது. கூரையைத் தூக்கும் பொறி அவருடைய சொந்த யோசனை. அந்தக் காலத்து வண்டிகளை இன்றும் தேடி வாங்குகிறார்கள் என்றால் காரணம் எளிது. விலை குறைவு, பாரம் குறைவு. கம்பியும் கப்பியும் துணியும் மரமுமாக எல்லாப் பாகமும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும், பழுதானால் வீட்டிலேயே திருத்தலாம். பழசை ஓடவைக்கும் அருமை யாழ்ப்பாணத்தவருக்குத் தெரியாததல்ல. 90களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும், இயந்திரம் பிடிக்க மட்டும் சில துளி பெற்றோல் விட்டு, மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது.

எங்கள் குடாநாட்டில் இதற்கு மிக நெருங்கியது உழவு இயந்திரப் பெட்டிக்கு மேல் தறப்பாள் கட்டிய வண்டி. மடு மாதா திருவிழாவுக்கு முன்பு மாட்டு வண்டிலிலும் பின்னர் உழவு இயந்திரத்திலும் போய், காட்டுக்குள் கூடாரம் அடித்து நவநாள் முழுக்கத் தங்கி வந்த குடும்பங்கள் எத்தனையோ. எங்கள் வீட்டிலும் இப்போது லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டி ஒன்றும் ஒரு பழைய கன்வஸ் கூடாரமும் உண்டு. வருடத்தில் இரண்டு மூன்று இரவாவது வெளியே படுக்கிறோம். அதில் கற்றவை இவை.

1. காற்றைப் பார்த்து நாள் குறியுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி. அப்போது போக வேண்டாம். தையில் மழை குறைந்தாலும் வாடைக்காற்று விடாது. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டங்கள் ஏறுவது அந்தக் காற்றில்தான். பட்டத்துக்கு நல்ல காற்று கூடாரத்துக்கு ஆகாது. மாசியும் பங்குனியும்தான் நல்ல காலம்: கடல் அமைதி, இரவில் இதமான குளிர், மழைப் பயம் குறைவு. வைகாசிக்குப் பிறகு சோழகம் தொடங்கிவிடும். மடுவுக்குப் போகிறவர்களுக்கு ஆடி 2, ஆவணி 15 என்று நாள் ஏற்கெனவே குறித்தாகிவிட்டது. அவர்கள் புழுதிக்கும் வெக்கைக்கும் ஆயத்தமாகப் போக வேண்டும்.

2. பனைக்குக் கீழே, தென்னைக்குக் கீழே ஒருபோதும் கூடாரம் அடிக்காதீர்கள். ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். மற்றக் காலத்தில் காவோலை விழும். இரண்டுமே கன்வஸைக் கிழித்துக்கொண்டு உள்ளே வரும். கசூரினாக் கடற்கரையிலும் மணற்காட்டிலும் உள்ள சவுக்கு நிழல் நல்லது. ஆனால் மேலே காய்ந்த கிளை இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு அடியுங்கள். கடற்கரை என்றால் காய்ந்த சாதாளை வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோட்டைப் பாருங்கள். தண்ணீர் அதுவரை வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலே, மேட்டில் இடம் தேடுங்கள். தாழம் புதர்களை விட்டு விலகியிருங்கள்.

3. மிதிவெடிப் பலகையை மதியுங்கள். முகமாலை, கிளாலி, நாகர்கோவில் பக்கங்களில் பழைய போர் முன்னரங்கு ஓடிய நிலங்கள் உண்டு. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையோ, சிவப்பு அடையாளக் கட்டையோ, மஞ்சள் நாடாவோ கண்டால் அந்தப் பக்கம் விறகு பொறுக்கவும் போகக்கூடாது. பலகை இல்லை என்பதற்காக ஆள் நடமாடாத பற்றைக்குள் இறங்கவும் கூடாது. ஊரவர் நடந்து பழகிய பாதையும், மாடு மேய்கிற தரவையும்தான் நமக்குரிய இடம். பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே சொல்லி, பலகையின் படத்தையும் காட்டிக் கூட்டிச் செல்லுங்கள்.

4. கேட்டுவிட்டுத் தங்குங்கள். கடற்கரை யாருடையதும் இல்லை என்று நினைப்பது பிழை. அங்கே கரைவலை இழுக்கும் பாடு இருக்கும், வாடி இருக்கும், வள்ளம் ஏற்றும் வழி இருக்கும். ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தில் ஒரு வார்த்தை சொன்னால் எந்த இடம் நல்லது, எந்தக் கிணறு நன்னீர் என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். பொதுக் கடற்கரையானால் பிரதேச சபை, வேறு இடமானால் கிராம அலுவலர். சுண்டிக்குளம் 2015இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி இரவு தங்க முடியாது.

5. கூடாரத்தின் முதுகைக் காற்றுக்குக் கொடுங்கள். வாடைக் காலத்தில் வாசல் தென்மேற்கைப் பார்க்கட்டும், சோழகத்தில் வடகிழக்கை. உழவு இயந்திரப் பெட்டியையோ வானையோ காற்று வரும் பக்கம் குறுக்கே நிறுத்தினால் பாதிக் காற்று அதிலேயே முறிந்துவிடும்.

6. கடல் மணலில் முளை நிற்காது. முதல் தடவை நாங்கள் அலவாங்கால் அடித்து இறக்கிய முளைகள் எல்லாம் நடுச்சாமத்தில் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டன. கூடாரம் எங்கள் மேல் படுத்துவிட்டது. கரையில் வாடி போட்டிருந்த ஒரு பெரியவர் லாம்போடு வந்து காட்டித் தந்த வழி இது. உரப்பையில் பாதிக்கு மணல் நிரப்பி வாயைக் கட்டுங்கள். கட்டிலே கயிற்றைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் பையைப் படுக்க வைத்து, மேலே மணலை மூடி மிதியுங்கள். பிறகு இழுத்துப் பாருங்கள், அசையாது. வெறும் பை என்பதால் கொண்டுபோகப் பாரமும் இல்லை. தீவுப் பகுதியிலும் வலிகாமத்தின் பல இடங்களிலும் இதற்கு நேரெதிரான தொல்லை. அரை அடிக்குக் கீழே சுண்ணக்கல், முளை இறங்காது. அங்கே அதே பையில் கல் நிரப்பி நிலத்தின்மேலே வைத்துக் கட்டுங்கள்.

7. கயிற்றின் குணம் அறிந்து கட்டுங்கள். பருத்திக் கயிறும் சணல் கயிறும் நனைந்தால் சுருங்கும். மழையோ கடும் பனியோ வரும்போல் இருந்தால் படுக்கப் போகுமுன் சற்றுத் தளர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் முளையைப் பிடுங்கும், அல்லது கன்வஸின் பித்தளைக் கண்ணைக் கிழிக்கும். நைலோன் கயிறு நேர்மாறு. நனைந்தால் நீளும், விடிய எழும்பி இறுக்க வேண்டும். ஒரே கூடாரத்தில் இரண்டையும் கலந்து கட்டினால் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தொய்யும்.

8. புதிய பருத்திக் கன்வஸை வீட்டு முற்றத்தில் முதலில் நனையுங்கள். விரித்துக் கட்டி, கிணற்றுத் தண்ணீரால் முழுக்க நனைத்து, அப்படியே காயவிடுங்கள். இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். நூல் தண்ணீர் குடித்து உப்பும்போது நெசவின் இடைவெளியும் ஊசித் துளைகளும் அடைபடுகின்றன. கன்வஸ் மழையைத் தடுப்பது இப்படித்தான். இதைச் செய்யாமல் போய் முதல் மழையில் ஒழுகியதும் கடைக்காரரைக் குறை சொல்லுகிறவர்கள் பலர். நைலோன் கூடாரத்துக்கும் நீலத் தறப்பாளுக்கும் இது தேவையில்லை. ஆனால் அவற்றுக்கு வேறு குறை: வெயில் அவற்றின் இழையைத் தின்றுவிடும். நாங்கள் வாங்கிய மலிவுத் தறப்பாள் ஒன்று ஒரு கோடை முற்றத்தில் கிடந்து, மடிக்கும்போது கையில் உதிர்ந்தது. கன்வஸ் பாரம்தான், விலையும் கூடத்தான். ஆனாலும் உள்ளே வெக்கை குறைவு, தைக்கலாம், ஒட்டலாம், தலைமுறை தாண்டும். என் தெரிவு கன்வஸ்.

9. மழை பெய்யும்போது கன்வஸின் உட்புறத்தில் விரல் வைக்கக் கூடாது. தொட்ட இடத்தில் தண்ணீர் உள்ளே கசியத் தொடங்கும், அந்த மழை முடியும்வரை நிற்காது. தலையணை, பாய், உடுப்புப் பை எதுவும் சுவரில் முட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். தப்பித் தவறித் தொட்டுவிட்டால், அந்த இடத்திலிருந்து விரலை மெல்ல அடிவரைக்கும் இழுத்துக்கொண்டு வாருங்கள். தண்ணீர் அந்தக் கோட்டிலேயே வழிந்து நிலத்துக்குப் போய்விடும்.

10. தையலுக்கு மெழுகு, கிழிசலுக்கு ஊசி. வருடத்துக்கு ஒருமுறை நல்ல வெயிலில் கூடாரத்தை விரித்து, உள்ளே போய் நின்று அண்ணாந்து பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் ஒழுகும் இடம். வெளிப்புறத்தில் அந்த இடங்களிலும் தையல் ஓடும் வழியெங்கும் தேன்மெழுகையோ வெள்ளை மெழுகுதிரியையோ அழுத்தித் தேயுங்கள். வெயிற் சூட்டிலேயே அது நூலுக்குள் இறங்கும். பெரிய கிழிசலுக்குப் பழைய கன்வஸ் துண்டை உள்ளொன்று வெளியொன்றாக வைத்து, மெழுகு பூசிய தடித்த நூலால் தையுங்கள். கார் சீற் தைக்கிறவர்களிடம் கொடுத்தால் இயந்திரத்தில் இன்னும் வடிவாகத் தைத்துத் தருவார்கள். சிப் இறுகினால் எண்ணெய் விடாதீர்கள். மணல் ஒட்டி இன்னும் மோசமாகும். பழைய பல்துலக்கியால் மணலைத் தட்டிவிட்டு மெழுகுதிரியைத் தேய்த்தால் போதும்.

11. பூஞ்சணம்தான் கன்வஸின் முதல் எதிரி. ஈரத்தோடு மடித்து வைத்த கன்வஸில் இரண்டு மூன்று நாளிலேயே கரும்புள்ளி தொடங்கிவிடும். மழையில் மடித்துக்கொண்டு வர நேர்ந்தால், எவ்வளவு களைப்பானாலும் அன்றைக்கே வளவில் கொடி கட்டிப் போடுங்கள். புள்ளி விழுந்துவிட்டால் முதலில் நன்றாகக் காயவைத்து மென்மையான தூரிகையால் தட்டுங்கள். பிறகு ஒரு பங்கு வினாகிரிக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து பஞ்சால் ஒற்றி, வெயிலில் காயவிடுங்கள். சவர்க்காரமும் வெளிற்றும் தூளும் வேண்டாம். சவர்க்காரம் தண்ணீர் தாங்கும் தன்மையைப் போக்கிவிடும், வெளிற்றும் தூள் நூலையே அரிக்கும். புள்ளியின் நிறம் முழுதாகப் போகாது. அது பரவாயில்லை, மணம் போனால் போதும். கடற்கரையிலிருந்து வந்தால் உப்புப் போக நல்ல தண்ணீரால் ஒருமுறை அலசிக் காயவைப்பதையும் மறக்க வேண்டாம். கன்வஸில் உப்பு நின்றால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

12. மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே கோட்டில் மடித்தால் அந்தக் கோடுதான் முதலில் கிழியும். வெறும் நிலத்தில் வைக்காதீர்கள், கறையான் ஏறும். மண்சுவரோடு சாய்த்தும் வைக்கக் கூடாது. அறையில் பலகை அடித்து அல்லது வளையில் தொங்கவிட்டு, துணிப் பையில் போட்டு வையுங்கள். பொலித்தீன் பை வேர்க்கும். காய்ந்த வேப்பிலையை மடிப்புக்கிடையே போட்டால் பூச்சி குறையும். எலிக்கு வேப்பிலை போதாது. சோறோ பிஸ்கட் துகளோ மடிப்பில் இல்லாமல் உதறி வைப்பதுதான் அதற்கு மருந்து.

13. பாரத்தை எங்கே வைப்பது? மாட்டு வண்டில் பூட்டியவர்களுக்கு இது தெரியும். பின்பாரம் கூடினால் ஏர்க்கால் மேலே எழும்பி, மாட்டின் கழுத்துக் கயிறு தொண்டையை நெரிக்கும். முன்பாரம் கூடினால் நுகம் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். சாமான் ஏற்றும்போது அப்பு ஏர்க்காலை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பாராம். “அரிசிச் சாக்கைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளு மோனை, மாடு மூச்சு விட வேணும்” என்பாராம். இழுவைப் பெட்டிக்கும் மச்சானின் மடிப்பு வண்டிக்கும் கணக்கு அதேதான். பாரமான சாமான் அச்சுக்கு நேர் மேலும் சற்று முன்னும் இருக்க வேண்டும். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்றுக் கூடுதல் கொழுக்கியில் இறங்கட்டும். பின்னால் பாரம் கூடினால் வேகத்தில் வண்டி பாம்புபோல் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் இழுக்கிற காரையும் சேர்த்துக் கவிழ்க்கக் கூடியது. தண்ணீர்க் கான்கள்தான் எங்கள் சாமானில் அதிகப் பாரம். அவற்றை முதலில் ஏற்றி, அச்சுக்கு மேல் வைத்து, மற்றவற்றைச் சுற்றி அடுக்குகிறோம்.

14. சில்லையும் ரயரையும் பாருங்கள். அந்தக் காலத்தில் வைக்கோற் கரியை எண்ணெயில் குழைத்து அச்சுக்கு மை போட்டார்கள். இப்போது பெயாரிங்குக்குக் கிறீஸ். வருடத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவிப் புதிதாக வைக்க வேண்டும். ரயர் பூ தேயாமல் இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். இழுவைப் பெட்டி வருடத்தில் பெரும்பகுதி நின்றபடியே நிற்பது. ரயர் தேயாமலே முதுமை அடையும், பக்கச் சுவர் வெடிக்கும். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஆறேழு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். நெடுநாள் நிறுத்தி வைக்கும்போது அச்சுக்கு அடியில் கல் கொடுத்துச் சில்லைத் தூக்கி விடுங்கள்.

15. வெளிநாட்டில் பழைய மடிப்பு வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு. இதை மச்சானிடம் கேட்டு, அவன் சொன்ன ஒழுங்கிலேயே எழுதுகிறேன். முதலில் மூக்கு. பெட்டியைத் திறந்ததும் பூஞ்சண மணம் அடித்தால், “எவ்வளவு மலிவெண்டாலும் விட்டிட்டு வா மச்சான்.” அடுத்தது கட்டைவிரல். கூரையின் ஓரத்தையும் நாலு மூலையையும் தரைப் பலகையையும் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் உள்ளே மரம் உக்கிவிட்டது, அதைத் திருத்துவது வண்டி விலையைவிடக் கூடும். மூன்றாவது, கைபிடி. விற்கிறவர் தூக்கிக் காட்டுவதை மட்டும் பார்க்காமல் நீங்களே மூன்று தடவை தூக்கி இறக்குங்கள். நாலு மூலையும் ஒன்றாக ஏற வேண்டும். ஒன்று பின்தங்கினால் கம்பி இழுபட்டிருக்கிறது. நாலாவது, பகல் வெளிச்சத்தில் உள்ளே படுத்துக்கொண்டு கன்வஸில் துளை தேடுங்கள். கன்வஸ் மட்டும் பழுது, சட்டமும் கூரையும் உறுதி என்றால் பயப்படாமல் வாங்கலாம். துணியைப் புதிதாகத் தைப்பிக்க முடியும். குளிர் காலத்தில் மூடி வைத்த வண்டிக்குள் எலி குடும்பம் நடத்தும் என்பதால் மெத்தைக்கு அடியையும் பாருங்கள். உரிமைப் பத்திரம் கையில் இல்லாமல் காசு கொடுக்க வேண்டாம். அவன் வாங்கிய வண்டியில் கன்வஸ் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. மாமி கையாலேயே தைத்துக் கொடுத்தா.

16. தண்ணீரும் சாப்பாடும். வருடம் முழுக்க ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. நிலத்தடி நன்னீர் கடல்நீரின்மேல் மிதக்கிற மெல்லிய படலம்தான். கரையோரக் கிணறு பெரும்பாலும் உவர். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லீற்றர் என்று கணக்கிட்டு வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். கழுவலுக்கு உவர் நீர் போதும். முதல்நாள் சாப்பாடு கட்டுச்சோறு. புளி சேர்ந்த சோற்றை நன்றாக ஆறவிட்டு, நெருப்பில் வாட்டிய வாழையிலையில் கட்டினால் இரவுவரை தாங்கும். சூட்டோடு கட்டினால் வேர்த்துப் புளித்துவிடும். சம்பலில் பச்சைத் தேங்காய் வேண்டாம். தேங்காயைச் செத்தல் மிளகாயோடு வறுத்து இடித்தால் இரண்டு நாளும் கெடாது. பயணத்துக்கென்றே எங்கள் பாட்டிமார் செய்த பொரிவிளாங்காயையும் பயத்தம்பணியாரத்தையும் ஒரு ரின்னில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் இரவுக்கு ஒடியற்கூழ். கரையிலே வாங்கிய மீனும் நண்டும், ஒரே பானை, ஒரே அடுப்பு, எல்லாருக்கும் பிளா நிறைய. வீட்டில் கூழ் குடிக்க முகம் சுளிக்கும் பிள்ளைகள் அங்கே இரண்டாம் தரம் கேட்பதை நான் ஒவ்வொரு முறையும் காண்கிறேன். அடுப்பைக் கூடாரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, காற்றுப் போகிற பக்கமாக மூட்டுங்கள். மெழுகு பூசிய கன்வஸ் ஒரு பொறிக்கே பற்றும். குளிர்கிறது என்று கரிச்சட்டியையோ காஸ் அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோவது உயிராபத்து. அதன் நச்சு வாயுவுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளை எடுத்துவிடும். நுளம்புக்கு நொச்சி இலைப் புகையும் வெளியேதான். உள்ளே நுளம்பு வலை கட்டுங்கள்.

17. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக் கூட்டிச் செல்லுங்கள். தறப்பாள் என்ற சொல் எங்கள் பலருக்குச் சந்தோஷத்தைத் தருவதில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் இடம்பெயர்ந்தபோது உழவு இயந்திரப் பெட்டியிலும் வண்டிலிலும் சைக்கிளிலும் ஏற்றியதுதான் சனத்தின் வீடாக இருந்தது. 2009இல் முகாம்களில் கூடாரத்துக்குள் மாதக் கணக்காக இருந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். எங்கள் பெரியம்மா முதல் முறை வர மறுத்துவிட்டா. “தறப்பாளுக்குக் கீழை இனி நான் படுக்கமாட்டன்” என்றா. நாங்கள் வற்புறுத்தவில்லை. அடுத்த முறை பகலில் மட்டும் வந்து, கூழுக்கு ஒடியல் மா கரைத்துத் தந்து, பின்னேரம் வீடு திரும்பினா. மூன்றாம் முறை வந்தபோது பாயைக் கூடாரத்துக்கு வெளியே சவுக்கு மரத்தடியில் போடச் சொன்னா. பேத்தி பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அப்படியானவர்களுக்கு உள்ளே வா என்று சொல்லாதீர்கள். நுளம்பு வலையை மரத்தில் கட்டி, வெளியே ஒரு நல்ல படுக்கை போட்டுக் கொடுங்கள். கால்வலி உள்ளவர்களுக்கு நிலத்தில் பாய் ஆகாது. மடிக்கும் கன்வஸ் கட்டில் ஒன்று ஏற்றிச் செல்லுங்கள். இரவில் எழும்பிப் போகிறவர்களுக்குக் கையில் ரோர்ச் லைற், காலில் செருப்பு கட்டாயம். கண்ணாடி விரியன் உலவும் மண் இது.

அப்புவின் வண்டிலில் எங்களுக்கு மிஞ்சியது ஒரு சில்லும் கடையாணியும் மட்டும். கூட்டின் மூங்கில் எந்த இடப்பெயர்வில் போனது என்று தெரியாது. உங்கள் வளவு மூலையிலோ மாட்டுக் கொட்டில் பரணிலோ ஒரு பழைய கூடார வண்டில் கிடந்தால், தயவுசெய்து விறகுக்குக் கொத்திவிடாதீர்கள். வருகிற மாசியில் அதை வெளியே இழுத்து, அச்சுக்கு மை போட்டு, மேலே ஒரு கன்வஸைப் போர்த்திப் பாருங்கள். ஏர்க்காலுக்கு முட்டுக்கொடுக்கிற விதம் தெரிந்த ஒருவர் உங்கள் ஊரில் இன்னும் இருப்பார். அவரையும் கூப்பிடுங்கள்.